பழைய கிரெடிட் கார்டு பாக்கி: பணம் கட்டுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் கல்விக் கடனுக்கோ விண்ணப்பித்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. "சார், உங்க சிபில்ல பழைய கார்டு பாக்கி ஒண்ணு காட்டுது" என்பார் வங்கி அதிகாரி. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வாங்கிய கார்டாக இருக்கும். வேலை போன சமயத்தில் கட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது வீடு மாறியதில் ஸ்டேட்மென்ட் வராமல் மறந்தே போயிருப்பார்கள். அன்றைக்கு இருபதாயிரம் சொச்சம். இன்றைக்கு லட்சத்தைத் தொட்டு நிற்கும்.

அப்படி ஒரு நிலையில், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் உள்ள சட்டமும் ரிசர்வ் வங்கி விதிகளும்தான் இதற்கு அடிப்படை. நான் அழுத்திச் சொல்வது ஒன்றைத்தான்: பழைய பாக்கியில் முதலில் காகிதம், அப்புறம் பேச்சு, கடைசியில்தான் பணம். பயத்தில் இந்த வரிசையை மாற்றியவர்கள் பணத்தையும் கட்டிவிட்டு, சிபிலில் அதே பாக்கியோடு நிற்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது.

அறிக்கையை எடுங்கள்

நம் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில் என்பதால் எல்லாவற்றையும் சிபில் ஸ்கோர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று இந்த நான்கு நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் நுழைந்ததும் மாதச் சந்தா, வருடச் சந்தா என்று விளம்பரங்கள் வரும். அவற்றைத் தாண்டி, இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடிப் பிடியுங்கள். பான் எண், பிறந்த தேதி, மொபைலுக்கு வரும் ஓடிபி இருந்தால் போதும்.

நான்கையும் எடுங்கள். ஒன்றில் முடிந்த கணக்காகத் தெரிவது இன்னொன்றில் பாக்கியாக நிற்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது விசாரணை என்று பதிவாகும்.

அறிக்கை வந்ததும் முதல் பக்கத்து எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஸ்கோர் 300 முதல் 900 வரை எதுவாகவும் இருக்கட்டும், நமக்கு வேலை கணக்கு விவரப் பகுதியில்தான். பழைய கார்டின் விவரம் ஏறத்தாழ இப்படி இருக்கும் (எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை):

கணக்கு வகை: கிரெடிட் கார்டு
தொடங்கிய தேதி: 14-06-2013
கடைசியாகப் பணம் கட்டிய தேதி: 02-11-2015
தற்போதைய பாக்கி: 96,412
நிலை: ரைட் ஆஃப்
ரைட் ஆஃப் தொகை, மொத்தம்: 41,870
ரைட் ஆஃப் தொகை, அசல்: 23,350

இதில் மூன்று வரிகளைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பணம் கட்டிய தேதி, சட்டப்படி வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டதா என்று கணக்கிட உதவும். அசல் தொகை, பேரம் பேசும்போது நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய எண். வங்கி 96,000 என்று பேசும்போது உங்கள் மனதில் 23,350 இருக்க வேண்டும். மூன்றாவது, நிலை.

'ரைட் ஆஃப்' என்பதைப் பார்த்து, வங்கியே கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்யும் வேலை. 90 நாள் கட்டாமல் போனால் வாராக்கடன். அதற்கும் பிறகு வசூலாகும் நம்பிக்கை போனால் ரைட் ஆஃப். உங்களிடம் கேட்கும் உரிமையை வங்கி விடவில்லை. புதிதாகக் கடன் தரப் பார்க்கும் வங்கிக்கு இதைவிட மோசமாகத் தெரியும் நிலை அதிகம் இல்லை.

அது உங்கள் கடன்தானா, இப்போது யாரிடம் இருக்கிறது?

முதலில், உங்களுடையதுதானா என்று பாருங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு ஆவணத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக, வேறொன்றில் பெயரே முன்பின்னாக இருக்கும். அதே பெயருள்ள வேறொருவரின் கணக்கு உங்கள் அறிக்கையில் ஒட்டிக்கொள்ள இது ஒரு வாசல். முகவரி, பிறந்த தேதி, பான் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். அறிக்கையில் நீங்கள் ஒருநாளும் குடியிருக்காத முகவரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உங்களுடையதுதான் என்றால், அந்த வங்கி இன்றைக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிட்டி வங்கியின் இந்திய கார்டுகள் 2023 மார்ச் 1 முதல் ஆக்சிஸ் வங்கியிடம் போய்விட்டன. டாய்ஷ் வங்கி தன் கார்டு வியாபாரத்தை 2011இல் இண்டஸ்இண்ட் வங்கிக்கு விற்றது. ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் 2020 ஏப்ரல் 1 முதல் யூனியன் வங்கிக்குள், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள், சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள் போயின. பழைய வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது போன் செய்தால் இது நினைவில் இருக்கட்டும்.

அப்புறம், வங்கி அந்தக் கடனை ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு, அதாவது ஏஆர்சிக்கு விற்றிருக்கலாம். வாராக்கடன்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வசூலிப்பதே அவர்கள் தொழில். அப்படி விற்றிருந்தால் வங்கிக் கிளையில் போய் நின்று பயனில்லை. பேசவும் கட்டவும் வேண்டியது ஏஆர்சியிடம்தான். கடன் மாற்றப்பட்டதற்கான கடிதத்தின் நகலை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

தொகை எப்படி இவ்வளவு வளர்ந்தது

கார்டு வட்டி பொதுவாக மாதம் 3 முதல் 3.75 சதவீதம். வருடத்துக்கு 36 முதல் 45 சதவீதம். அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 40,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 1,400, அதற்கு ஜிஎஸ்டி 252, ஆக 1,652 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 2,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 348 மட்டுமே. எதுவும் கட்டாமல் விட்டால் இதோடு தாமதக் கட்டணமும் சேரும்.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே, வட்டி விகிதமே சட்டவிரோதம் என்று வாதாடி வெல்ல முடியாது. ஆனால் கணக்கில் தவறு கண்டுபிடிக்கலாம். கட்டாமல் நிற்கும் கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. நீங்கள் இயக்கவே செய்யாத கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறியிருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம். கடைசியாகக் கட்டிய மாதத்திலிருந்து இன்றுவரையான கணக்கு விவரத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

மூன்று வருடக் காலக்கெடு

இந்த இடத்தில்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு வங்கி வழக்குப் போட வேண்டிய காலம் 3 ஆண்டுகள். அது முடிந்தபின் வழக்குப் போட்டால், காலம் கடந்தது என்று நீங்கள் எதிர்வாதம் வைக்கலாம். ஆனால் அந்த 3 ஆண்டுக்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, எழுத்து ஆதாரத்தோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். இன்னொன்று: கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியது. 2018, 2019இல் நின்றுபோன கார்டுகளுக்கு இது முக்கியம். தேதியை வெறுமனே கூட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

காலக்கெடு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடன் மறைந்துவிடாது, நீதிமன்றம் வழியாக வசூலிக்கும் வழி மட்டும் அடைபடும். வங்கி போனில் கேட்கலாம், கடிதம் அனுப்பலாம். அதே வங்கியில் உங்களுக்குச் சேமிப்புக் கணக்கோ சம்பளக் கணக்கோ இருந்தால், கார்டு ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்தைக் காட்டி அதிலிருந்து பணத்தைப் பிடிக்கவும் பார்க்கும். பழைய பாக்கி இருக்கும் வங்கியில் சம்பளம் வரும்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

காலக்கெடு முடிந்த கடனுக்கும் ஒரு வழியில் உயிர் வரும். "இந்தத் தொகையைக் கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி அது செல்லுபடியாகும் புது வாக்குறுதி. ஆகவே, வசூலுக்கு வருகிறவர் "சும்மா ஒரு லெட்டர் சார், ஃபைலுக்காக" என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, காலக்கெடு முடிந்தால் சிபிலிலிருந்தும் போய்விடுமா? போகாது. நீதிமன்றக் காலக்கெடு வேறு, கடன் அறிக்கைக் காலம் வேறு. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பாக்கி தீராமல், வங்கி தொடர்ந்து தகவல் அனுப்பிக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் நிற்கும். இதனால்தான், வழக்கு வராது என்று தெரிந்தும் பலர் கட்டி முடிக்க விரும்புகிறார்கள். அந்த முடிவு நியாயமானது. புதிதாகக் கடன் எதுவும் தேவையில்லாத ஓய்வுபெற்றவருக்கு ஒரு முடிவு சரியாக இருக்கும். அடுத்த ஆண்டு மகளுக்குக் கல்விக் கடன் வாங்க, அவளோடு சேர்ந்து விண்ணப்பிக்கப் போகும் அப்பாவுக்கு வேறு முடிவு சரியாக இருக்கும். வேலை தேடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். கடன் வரலாறு மோசம் என்ற காரணத்தால் ஸ்டேட் வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

போன் வரும்போது

"சார், இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருபதாயிரம் போட்டீங்கன்னா மொத்தமும் குளோஸ். நாளைக்குன்னா இந்த ஆஃபர் கிடையாது. என் ஜிபே நம்பர் அனுப்பறேன்."

இப்படி வந்தால் பதில் ஒன்றே போதும்: "உங்க ஆஃபரை வங்கியோட மெயில் ஐடியில இருந்து அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்." அதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம். மாதக் கடைசியில், காலாண்டுக் கடைசியில் வசூல் இலக்கு நெருக்கும். அந்த அவசரம் அவருடையது. இன்று கிடைத்த தள்ளுபடி அடுத்த மாதமும் பெரும்பாலும் கிடைக்கும், சில நேரம் இதைவிட நன்றாகவே கிடைக்கும்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டவோ, அசிங்கமாகப் பேசவோ, சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் சொல்லி மானத்தை வாங்கவோ கூடாது. நேரில் வருகிறவரிடம் வங்கியின் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீறினால் அழைப்பு விவரத்தோடு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம், சிஎம்எஸ் என்ற அதன் புகார் இணையதளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விளக்கம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

"போலீஸ் வரும், வாரண்ட் வரும்" என்பது வெறும் மிரட்டல். வசதியில்லாமல் கார்டு பாக்கி கட்டாதது குற்ற வழக்கு கிடையாது, சிவில் விவகாரம். ஆனால் சமரசத் தொகைக்கு என்று நீங்கள் பின்தேதியிட்ட காசோலை கொடுத்து அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவில் அது குற்ற வழக்காகவே வரலாம். கணக்கில் பணம் இருக்கும் என்ற உறுதி இல்லாமல் காசோலை கொடுக்காதீர்கள்.

உண்மையான சட்ட அறிவிப்பு, நடுவர் மன்ற அறிவிப்பு, லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அழைப்பு ஆகியவற்றைக் கிழித்துப் போடக் கூடாது. வழக்கிலோ நடுவர் மன்றத்திலோ பதில் போடாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வரலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100. லோக் அதாலத்தில் நல்ல சமரசம் கிடைப்பதுண்டு. அங்கே போடும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடிந்த தவணைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

முழுதாகக் கட்டுவதா, செட்டில்மென்ட்டா

வங்கி கேட்கும் தொகையை முழுதாகக் கட்டினால் கணக்கு 'குளோஸ்டு' என்று பதிவாகும். ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்தால் 'செட்டில்டு' என்று பதிவாகும். கையிலிருந்து போகும் பணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. அதே அளவு வித்தியாசம் அறிக்கையிலும் உண்டு. 'செட்டில்டு' என்று பார்க்கும் வங்கி, இவர் கடன் கொடுத்தவரை நஷ்டப்பட வைத்தவர் என்றே எடுத்துக்கொள்ளும். சமரசம் செய்த வங்கியே உங்களுக்கு மீண்டும் கடன் தர வேண்டுமானால் குறைந்தது 12 மாதம் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் கொண்டுவந்த விதி.

என் கருத்து இது. ஓரிரு ஆண்டுகளுக்குள் வீட்டுக் கடன் போன்ற பெரிய கடன் தேவை, பாக்கியும் சமாளிக்கக்கூடியது என்றால் முழுதாகக் கட்டி 'குளோஸ்டு' வாங்குங்கள். முழுதாகக் கட்டுவது என்றாலும் பேரம் பேசலாம். "அசலை முழுதாகத் தருகிறேன், வட்டியையும் கட்டணங்களையும் திருப்பி வரவு வைத்து, கணக்கை 'குளோஸ்டு' என்று அனுப்புங்கள்" என்று கேளுங்கள். எல்லா வங்கியும் ஒப்புக்கொள்ளாது. மறந்துபோன ஆண்டுக் கட்டணத்தால் வளர்ந்த சின்னப் பாக்கிகளில் இதற்கு இறங்கிவர வாய்ப்பு அதிகம்.

தொகை உங்கள் சக்திக்கு மீறியது என்றால் செட்டில்மென்ட்டுக்குத் தயங்க வேண்டாம். 'ரைட் ஆஃப்' என்று பாக்கியோடு நிற்பதைவிட 'செட்டில்டு' மேல். பிற்பாடு கையில் பணம் வரும்போது, விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றித் தரும்படி அதே வங்கியைக் கேட்கவும் வழி உண்டு. பேச்சை அசலிலிருந்து தொடங்குங்கள். மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று அவர்கள் போக்கில் போக வேண்டாம். கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் குறைவாக முடியும். தவணை கேட்டால் தொகை ஏறும், ஒரு தவணை தவறினால் முழு சமரசமும் ரத்தாகிவிடும்.

பணத்துக்கு எங்கே போவது? நம் வீடுகளில் கை முதலில் நகைக்குத்தான் போகும். மாதாமாதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கார்டு பாக்கிக்கு, வங்கி நகைக்கடன் வாங்கி அடைப்பதில் நியாயம் இருக்கிறது. வட்டி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. எட்டு வருடம் பழைய பாக்கிக்கு அப்படிச் செய்ய அவசரமில்லை. முதலில் பேசி, தொகையைக் குறைத்து, எழுத்தில் வாங்கியபின் நகையைப் பற்றி யோசிக்கலாம். ஆன்லைன் கடன் செயலியில் வாங்கி இதை அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாக்கி இரண்டு மூன்று கார்டுகளில் இருந்தால், இப்போது நடப்பில் இருக்கும் கடன்களின் தவணை தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. பழைய பாக்கியை அடைப்பதற்காக நடப்புத் தவணையைத் தவறவிட்டால் புதிதாக ஒரு கறை சேரும். அடுத்து, சின்ன பாக்கியை ஒழியுங்கள். பெரியது கடைசியில்.

கடிதமும் பணமும்

ஒப்புக்கொண்டதும் வங்கியின் கடிதம் வர வேண்டும். அதில் உங்கள் பெயர், கார்டின் கடைசி நான்கு எண்கள், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, பணத்தைச் செலுத்த வேண்டிய கணக்கு எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமாக இரண்டு வாக்கியங்களைத் தேடுங்கள்: இந்தத் தொகையோடு கணக்கு முழுமையாக முடிகிறது என்பது ஒன்று, கடன் தகவல் நிறுவனங்களுக்கு என்ன நிலையாகத் தெரிவிக்கப்படும் என்பது இன்னொன்று. இரண்டாவது வாக்கியம் பல கடிதங்களில் இருக்காது. இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வாங்கி, அதையும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் பிடிஎஃப் போதாது. கார்டின் பின்புறமோ வங்கியின் இணையதளத்திலோ உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு நீங்களே அழைத்து, அப்படிக் கடிதம் அனுப்பியது உண்மைதானா என்று உறுதி செய்யுங்கள். பழைய கார்டு பாக்கி வைத்திருப்பவர்களின் விவரம் மோசடிக்காரர்களிடமும் போய்ச் சேருகிறது.

பணத்தைக் கடிதத்தில் சொன்ன கணக்குக்கே வங்கிப் பரிமாற்றமாக அனுப்புங்கள். தனி ஆள் பெயரிலுள்ள யுபிஐக்கு அனுப்பாதீர்கள். கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கட்டிவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் சலுகை போச்சு என்பார்கள்.

கட்டிய பிறகுதான் பாதி வேலை

பணம் போனதும் நிம்மதியாகி விட்டுவிடுவது எல்லோருக்கும் இயல்பு. அறிக்கை சரியாவது இதற்குப் பிறகுதான்.

கட்டிய மறுநாளே பாக்கியின்மைச் சான்றிதழ், அதாவது என்ஓசி, கேட்டு எழுதுங்கள். கார்டையும் மூடச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடக் கோரினால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. மூடாமல் விட்டால் அடுத்த வருடக் கட்டணம் ஏறி, பழைய கதை மறுபடி தொடங்கும்.

2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் பொறுத்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி பாருங்கள். பாக்கித் தொகை பூஜ்யமாகியிருக்க வேண்டும், நிலை கடிதத்தில் சொன்னபடி மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால், தவறு உள்ள நிறுவனத்தின் இணையதளத்தில் திருத்தக் கோரிக்கை போடுங்கள். அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் கேட்பார்கள். அதே நாளில் என்ஓசி நகலோடு வங்கிக்கும் எழுதுங்கள். கடன் தகவல் நிறுவனம் தானாகத் திருத்த முடியாது, வங்கி உறுதி செய்ய வேண்டும். வங்கிக்கு 21 நாள், மொத்தம் 30 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் குறைதீர்ப்பாளர். கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் செய்யலாம்.

உண்மையான பதிவை யாரும் அழிக்க முடியாது. "ஐயாயிரம் கொடுங்க, ஒரு வாரத்துல சிபில்ல இருந்து தூக்கிடறோம்" என்பவர்கள் உங்கள் பான், ஆதார், ஓடிபியைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். திருத்தக் கோரிக்கை இலவசம், நீங்களே போடலாம்.

ஸ்கோரை மீண்டும் ஏற்றுவதற்கு ஏற்றது வைப்புத்தொகைக் கார்டு. இருபதாயிரம் முப்பதாயிரத்தை வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டால், அதன் பேரில் ஒரு கார்டு தருவார்கள். பழைய வரலாறு அதற்குப் பெரிய தடையில்லை. மாதம் ஒரு மின்கட்டணம், ஒரு பெட்ரோல் பில் என்று வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்து, முழுத் தொகையையும் தானியங்கிப் பணம் செலுத்தலில் போட்டு விடுங்கள். குறைந்தபட்சத் தொகை என்ற வரியைப் பார்க்கவே வேண்டாம். இடையில் ஐந்தாறு வங்கிகளில் ஒரே நேரத்தில் கடன் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும்.

கடன் தேவைப்படும் நாளில், விண்ணப்பத்தோடு என்ஓசி நகலையும், எந்த ஆண்டில் என்ன காரணத்தால் பாக்கி விழுந்தது, எப்போது முடித்தீர்கள் என்று அரைப் பக்கக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதிகாரி தானாகக் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, கோப்பு. சமரசக் கடிதம், பணம் கட்டிய ரசீது, அந்த மாத வங்கி ஸ்டேட்மென்ட், என்ஓசி, சரியான அறிக்கை ஆகிய ஐந்தையும் ஒரே உறையில் போட்டு, ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் வையுங்கள். முடிந்துபோன கணக்குகள் தவறுதலாக ஏஆர்சிக்கு விற்கப்படும் கட்டில் சேர்ந்து, சில வருடம் கழித்து வேறு பெயரில் போன் வருவது உண்டு. அப்போது பேச வேண்டியது எதுவுமில்லை. என்ஓசி நகலை அவர்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.